மடையை அடைத்தவர்

அந்த யோசனை வந்தபோது நான் தண்ணீரில்லாத வாய்க்காலுக்குள் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனி மாதம். மேட்டூரைத் திறந்து நாளாகியும் எங்கள் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர், கடைமடை. மேலே இருப்பவர்கள் எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு காவிரி கடைசியாக எட்டிப்பார்க்கிற இடம். அப்பா கரையில் நின்று போனில் யாரிடமோ, "எந்த மட்டும் வந்திருக்கு? ஷட்டரைத் தூக்கிட்டானா இல்லையா?" என்று கத்திக்கொண்டிருந்தார். எனக்கு வேலையில்லை. கீழே இறங்கி, செருப்பு நுனியால் மண் வெடிப்பை நோண்டிக்கொண்டிருந்தேன்.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது குப்பை. சருகு, தெர்மாகோல், தண்ணீர் பாட்டில், ஒற்றை ரப்பர் செருப்பு, மேலே அழுக்கு நுரை. மாடு நடக்கிற வேகம்கூட இல்லை. அதையெல்லாம் தள்ளிக்கொண்டு பின்னால் கறுப்பாகத் தண்ணீர். சத்தமே கிடையாது, சருகு நொறுங்குகிற சத்தம் மட்டும். வெடிப்புகளுக்குள் புகுந்து குமிழ் விட்டது. பாதம் நனைந்தது. பிறகு கணுக்கால். பிறகு, எப்போது என்று தெரியாமல், காலைப் பிடித்து இழுக்கிற கனம்.

"மேல ஏறுடா, கிறுக்கா!" என்றார் அப்பா.

நான் ஏறவில்லை. நான் வாசிக்க வேண்டிய பாட்டு இதுதான் என்று தோன்றிவிட்டது. இப்படி வர வேண்டும். குப்பையைத் தள்ளிக்கொண்டு, அவசரப்படாமல், கடைசியில் ஆளையே இழுக்கிற மாதிரி.

அடுத்த நொடியே தஞ்சாவூரில் இருந்த ஒருவர் ஞாபகம் வந்தது. அவர் மட்டும் இங்கே இருந்தால் தண்ணீரை அந்த வளைவிலேயே நிறுத்திவிட்டு, கையை உயர்த்தி, "இப்ப என்ன வரும்னு சொல்லவா?" என்று கேட்டிருப்பார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் தேடிப் பார்ப்பீர்கள், அவருடைய வீடியோவுக்கு ஒரு வியூ கூடிவிடும். அந்த உதவியை நான் செய்வதாக இல்லை.

தஞ்சாவூரில் நான் இன்ஜினியரிங் படித்த காலத்தில் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தார். முப்பதைத் தாண்டியவர், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. வலங்கைமான் பக்கம் ஒரு காலத்தில் நிலபுலமாக வாழ்ந்த குடும்பம். எல்லாவற்றையும் விற்றுவிட்டுச் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போயாயிற்று, இவர் மட்டும் தஞ்சாவூருக்குத் திரும்பியிருந்தார். அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். நாங்கள் என்றால் மூன்று பேர்: கிட்டார் நான், டிரம்ஸ் ஜெரால்டு, பேஸ் கிட்டார் மணிமாறன்.

எங்களுக்குப் பிடித்தது ஸ்லட்ஜ், போஸ்ட் மெட்டல் என்கிற வகை. கேட்டிராதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கிட்டார் கம்பியை எவ்வளவு தளர்த்த முடியுமோ அவ்வளவு தளர்த்தி, சேற்றுக்குள் நடக்கிற மாதிரி வாசிப்பார்கள். ஒரு பாட்டு கால் மணி நேரம்கூடப் போகும். ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி, மெல்ல மெல்ல ஏறி, இனித் தாங்காது என்கிற இடத்தில் முழுக் கனமும் மொத்தமாக இறங்கும். அந்த இறக்கத்துக்காகத்தான் அதற்கு முந்தைய அத்தனை நிமிடமும்.

அவர் அந்த இறக்கத்துக்கு ஒரு நொடி முன்னால் பாட்டை நிறுத்துவார்.

எல்லாப் பாட்டையும். எல்லா ஞாயிற்றுக்கிழமையும். அன்று காலையில் வெளிவந்த ஆல்பமாக இருக்கும். அவருக்குத்தான் முதலில் வரும், தலைமடைக்காரர் இல்லையா. அவர் அறையில் ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள்; அவற்றுக்கு நடுவில் பாய் போட்டு எங்களை உட்கார வைப்பார். பாட்டு ஏறும். தரை அதிரும். மணிமாறன் கண்ணை மூடிவிடுவான். ஜெரால்டு தொடையில் தாளம் போட்டபடி உடம்பை முன்னால் சாய்ப்பான். டக். அமைதி. ஏசி ஓடுகிற சத்தம். அவர் விரல் ரிமோட்டின் மேல் இருக்கும்.

"இப்ப என்ன வரும்னு சொல்லவா?"

"அண்ணே, வேணாம்ணே. விடுங்கண்ணே" என்பான் ஜெரால்டு.

"டிரம்ஸ் பாதி வேகத்துக்கு எறங்கும். ரெண்டு கிட்டாரும் சேந்துக்கும். ஒருத்தன் தொண்டை கிழியக் கத்துவான். அவ்வளவுதான்டா. முன்னாடியே கேட்டாச்சு."

"நாங்க கேக்கலையேண்ணே."

"அதான் நான் சொல்லிட்டேனே."

அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். நாங்கள் ஹாஸ்டலுக்குத் திரும்பி, அதே பாட்டை மொபைலில் போட்டுக் கடைசிவரை கேட்போம். போன் ஸ்பீக்கரில் கனம் எங்கே இறங்கும்? கொசு கோபப்பட்ட மாதிரி இருக்கும். "கடிக்குது பாரு" என்று ஜெரால்டு முழங்கையைச் சொறிவான். சிரிப்போம். ஆனாலும் அடுத்த ஞாயிறு போவோம். வேறு எங்கே போவது? டெல்டா முழுக்க அந்தப் பாட்டுக்கு அந்த ஒரு அறைதான் இருந்தது. இந்த பேண்ட்களின் பெயரையெல்லாம் எங்கள் காதில் போட்டவரே அவர்தான். அதை நினைத்தால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

பாட்டில் மட்டும் இப்படி என்றால் போகட்டும். காபியைப் பாதிக்கு மேல் குடிக்க மாட்டார், "மீதியும் இதே டேஸ்ட்தானே." படத்துக்குப் போனால் இடைவேளையில் எழுந்துவிடுவார், நடுவில் உட்கார்ந்திருக்கும் எங்களையும் கிளப்பிக்கொண்டு. ஆட்டம் சூடு பிடிக்கும்போது டிவியை அணைப்பார். அடுத்தவர் பேச்சையும் அவரே முடிப்பார்.

இதில் மாட்டியது மணிமாறன். அவன் மெதுவாகப் பேசுவான். திக்குவாய் எல்லாம் இல்லை. ஒரு சொல்லை எடுத்துப் பார்த்து, சரியாக இருக்கிறதா என்று யோசித்துத்தான் வெளியே வைப்பான். ஒரு ஞாயிறு வாசலிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, இன்னைக்கு... நான் வரல... ஏன்னா வீட்டுல..." என்று ஆரம்பித்தான்.

"வீட்டுல படிக்கச் சொல்றாங்க. எக்ஸாம். அதானே? போ, போ."

மணிமாறன் அவரைப் பார்த்தான். "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். அவன் அம்மாவைத் திருவாரூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். எங்களுக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவரிடம் போய்ச் சொன்னபோது, "பாத்தியா, வீட்டுல ஏதோன்னு நான் அப்பவே சொன்னேன்ல" என்றார். அம்மா பிழைத்துக்கொண்டார். நான் அந்த "பாத்தியா"வை மறக்கவில்லை.

பெங்களூருவுக்குப் போனதையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பேண்ட் ஒன்று, நாங்கள் உயிரையே வைத்திருந்த பேண்ட், திறந்த வெளியில் வாசிக்க வந்தது. அவர் காரில் போனோம். விடியற்காலை கிளம்பி, தொப்பூர் கணவாயில் ஜெரால்டு வாந்தியெடுத்து, மதியத்துக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். வெளிச்சம் இருக்கும்போதே அவர்கள் மேடையேறிவிட்டார்கள். முதன்முதலாக அந்த இசையை உடம்பால் கேட்டேன். சட்டைப் பொத்தான் நெஞ்சில் தட்டுகிறது, பல் கூசுகிறது. கடைசியாக அவர்களுடைய மிக நீளமான பாட்டை ஆரம்பித்தார்கள். அது ஏறத் தொடங்கியதும் அவர் என் தோளைத் தட்டினார்.

"கிளம்புங்கடா. இப்ப விட்டா டிராஃபிக்ல மாட்டுவோம்."

"அண்ணே, இந்த ஒண்ணுதாண்ணே!"

"கார் சாவி என்கிட்ட இருக்கு. பஸ்ல வர்றதுன்னா இருங்க."

பையும் பர்ஸும் காருக்குள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு எதிர்த்திசையில் நடந்தோம். எல்லார் முகமும் மேடையைப் பார்த்திருக்க, நாங்கள் மட்டும் அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு. பார்க்கிங்கில் காரில் ஏறிக் கதவைச் சாத்தியபோது இறக்கம் வந்தது. கார் கண்ணாடி நடுங்கியது. கண்ணாடி மட்டும்.

"கேக்குதுல்ல? அதேதான்" என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

கிருஷ்ணகிரி தாண்டியது. பிறகு நான் கேட்டேன். "அண்ணே, நீங்க ஒரு பாட்டையாவது கடைசி வரைக்கும் கேட்டிருக்கீங்களா?"

சிரித்தார். "காத்துக் கெடக்கிறதெல்லாம் வேற வழி இல்லாதவன் பண்றதுடா. உங்க பக்கம் தண்ணிக்குக் காத்துக் கெடப்பீங்களே, அந்த மாதிரி."

சாதாரணமாகத்தான் சொன்னார். கியரை மாற்றிக்கொண்டே சொன்னார். என் அப்பா, அப்பாவின் அப்பா, அதற்கு முன்னால் அடுத்தவன் வயலில் நாற்றுப் பிடுங்கிய ஆட்கள் எல்லாரும் அந்த வாய்க்கால் கரையில் நின்றுகொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. வேற வழி இல்லாதவர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் தண்ணீர் வந்து சேருகிற நேரம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களும் அவர்கள்தானே? அவருக்கு அது தெரியாது. ஒரு தடவைகூடத் தெரிந்துகொண்டதில்லை.

அதற்குப் பிறகு வந்த ஆனியில்தான் நான் அந்த வாய்க்காலுக்குள் நின்றது. ஊரிலிருந்து தஞ்சாவூர் திரும்பியதும் மூவரும் உட்கார்ந்து பாட்டைக் கட்டினோம். மணிமாறன் ஒரே சுரத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஜெரால்டு சிம்பல் தட்டைக் குச்சியால் அல்ல, விரலால் உரச வேண்டும், சருகு மாதிரி. பதினெட்டு நிமிடம் வந்தது. கனம் பன்னிரண்டாவது நிமிடத்தில் இறங்கும். பேண்டுக்குக் கடைமடை என்று பெயர் வைத்தோம்.

வாசிக்க இடம் வேண்டும். அவரிடம்தான் போக வேண்டியிருந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அவருடைய மாமாவுக்குக் கல்யாண மண்டபம் இருந்தது. ஆடி மாதம், கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மாதான் கிடந்தது. "மிக்ஸர்ல நான் நிக்கிறேன். போஸ்டரும் நானே பாத்துக்கறேன்" என்றார்.

போஸ்டரில் ஸ்லட்ஜைத் தமிழில் போட வேண்டும் என்று அவருக்கு ஆசை. "சேறுன்னு போடுங்க" என்றோம்.

"சேறா? நல்லாவா இருக்கு? வயல்ல விழுந்து பொரள்ற மாதிரி. அகராதியில பாத்துட்டேன். கசடு."

மணிமாறன், "அண்ணே, அந்த வார்த்தை... இப்ப ஊர்ல..." என்றான்.

"ஊர்ல யாருக்கும் புரியாது. அதானே? புரியாட்டி கேட்டுத் தெரிஞ்சுக்கட்டும்."

மணிமாறன் சொல்ல வந்தது வேறு. அந்த வட்டாரத்தில் அப்போது கசடு கழிவு நிலையம் வரப்போகிறது என்று ஒரு பேச்சு. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்கிலிருந்து லாரியில் எடுக்கிறதைக் கொண்டுவந்து கொட்டிச் சுத்தம் செய்கிற இடம். அதை எங்கே வைப்பார்கள் என்று தெரியாமல் எல்லா ஊரும் பயந்து கிடந்தது. டீக்கடையில் உட்கார்ந்த எவருக்கும் கசடு என்ற சொல் தெரியும். அகராதியில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியவில்லை.

அந்த ஊர்ச் சுவர் முழுக்கப் போஸ்டர் ஒட்டினார்: கசடு – நேரடி நிகழ்ச்சி – மண்டபத்தில் – அனைவரும் வருக.

அனைவரும் வந்தார்கள்.

மாலை நான்கு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. எங்கள் காலேஜ் பையன்கள் கறுப்பு டிஷர்ட்டில் ஒரு ஓரம். மீதி எல்லாம் ஊர். நடவு வேலையிலிருந்து நேராக வந்த பெண்கள், முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. தோளில் துண்டோடு ஆண்கள். முன்வரிசையில் ஓர் அக்கா, மண்டபத்துக்குப் பின் தெருவில் இட்லிக் கடை போட்டிருப்பவர், கையைக் கட்டிக்கொண்டு மேடையை முறைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி எப்போது வருவார், எப்போது எழுந்து கேட்கலாம் என்று காத்திருக்கிறார் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஜெரால்டு என் காதில், "மச்சி, நம்ம பாட்டுக்கு இவ்வளவு கிராக்கியாடா?" என்றான்.

ஆரம்பித்தோம்.

பேஸ். ஒரே சுரம். சருகுச் சத்தம். என் கிட்டார் உள்ளே வருவதற்கே நான்கு நிமிடம். யாரும் எழுந்து போகவில்லை. இது ஏதோ விழாவுக்கு முந்தைய வாத்தியம், முடிந்ததும் பேசுவார்கள் என்று நினைத்திருக்கலாம். என்ன நினைத்தார்களோ, உட்கார்ந்திருந்தார்கள். காத்திருப்பது அவர்களுக்குப் புதிதா? ஏற ஏற, பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இட்லிக் கடை அக்கா கட்டியிருந்த கையை அவிழ்த்து நாற்காலிப் பிடியைப் பிடித்துக்கொண்டார். அது அதிர்ந்துகொண்டிருந்தது. ஜெரால்டு என்னைப் பார்த்தான். அடுத்த அடியில் இறங்க வேண்டும். குச்சியைத் தலைக்கு மேலே தூக்கினான்.

ஒலி செத்தது. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்ஸரில் மொத்தத்தையும் அவர் கீழே இழுத்துவிட்டார். குச்சி தோலில் விழுந்தது மட்டும் வெறுமையாகக் கேட்டது.

"நண்பர்களே, ஒரே நிமிஷம்" என்று மைக்கில் அவர் குரல். "இவ்வளவு நேரம் நீங்க கேட்டது பில்டப். இப்ப என்ன வரும்னு சொல்லவா?"

இட்லிக் கடை அக்கா எழுந்துவிட்டார். "ஏன் தம்பி, அந்தப் புள்ளைங்க என்னமோ சொல்ல வந்துச்சுங்க. வர்ற நேரம் பாத்து நடுவுல பூந்து மடைய அடைக்கிறீங்களே, நீங்க யாரு?"

"அம்மா, இது மியூசிக் ப்ரோக்ராம்."

"அப்ப பிளாண்டு?"

"என்ன பிளாண்டு?"

"கசடுன்னு போட்டிருக்கீங்க?"

"அது ஸ்லட்ஜுக்குத் தமிழும்மா!"

பின்னாலிருந்து ஒருவர், "ஓகோ, தமிழ்ல எங்க ஊரு தலையில கொட்டுறீங்களா?" என்றார். சிரிப்பும் கோபமும் ஒன்றாகக் கிளம்பின. நாற்காலிகள் நகர்ந்தன. மைக்கோடு நின்றவர் முகம் வெளுத்தது. ஓடிப்போய் மெயினையே அணைத்துவிட்டார். விளக்கும் போச்சு, மின்விசிறியும் போச்சு. ஆடிப் புழுக்கத்தில் அத்தனை பேரும் விசிறிக்கொண்டு எழுந்தார்கள்.

அந்த அக்கா மட்டும் மேடைக்குக் கிட்டே வந்து மணிமாறனிடம் கேட்டார். "அதுக்கு அப்புறம் என்னதான் தம்பி வரும்?"

மணிமாறன் யோசித்தான். "அது... அக்கா... தண்ணி மாதிரி..."

"ஒண்ணும் வராதும்மா" என்று முடித்தார் அவர். "இதையே இன்னும் சத்தமா வாசிப்பானுங்க. அவ்வளவுதான்."

வெளியே சண்டை போட்டோம். நான்தான் போட்டேன். "ஏன் நிறுத்தினீங்க?"

"நிறுத்தாம இருந்தா நாற்காலி பறந்திருக்கும்டா. காப்பாத்தினதுக்கு நன்றி சொல்லு."

"அவங்க எழுந்ததே நீங்க நிறுத்தினதுக்குத்தான்!"

"உனக்கு இப்ப கோவம். நீ அடுத்து என்ன சொல்லுவன்னு சொல்லவா?"

குட்டியானை வண்டியில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டோம். அந்த மாடிப் படியில் மறுபடி நாங்கள் கால் வைக்கவில்லை. பிறகு அவர் தஞ்சாவூரை விட்டே போய்விட்டதாகக் கேள்வி. இருக்கும். போன ஊரிலும் பாதியிலேயே கிளம்பியிருப்பார்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஜெரால்டு அனுப்பிய வீடியோ. அவர் சேனல் ஆரம்பித்திருக்கிறார். புது ஆல்பங்களைப் பற்றிப் பேசுகிறார், ஆல்பத்துக்கு இரண்டு நிமிடம். டெல்டாவில் இந்த வகை இசை என்று ஒரு பகுதி. பின்னால் அதே ஸ்பீக்கர்கள். "கடைமடைன்னு ஒரு பேண்ட். நேர்லயே கேட்டிருக்கேன். ஆரம்பம் ஓகே. முடிவு ரொம்ப வீக்" என்கிறார்.

எந்த முடிவு? உலகத்திலேயே அந்த முடிவைக் கேட்டவர்கள் நாங்கள் மூன்று பேர்தான். அதை அவர் கையாலேயே கீழே இழுத்தார். இழுத்த கையை ஆட்டி ஆட்டி இப்போது தீர்ப்பு சொல்கிறார். கீழே எழுபது பேர் "சரியா சொன்னீங்க ப்ரோ" என்று போட்டிருக்கிறார்கள்.

பதில் போடலாம் என்று ஜெரால்டு துடித்தான். மணிமாறன் வேண்டாம் என்று தலையாட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அக்கா கேட்டாங்கல்ல... அவங்களுக்கு... நாம இன்னும் சொல்லல" என்றான். நாங்கள் குறுக்கே பேசவில்லை. அவன் சொல்லி முடித்தான்.

நேற்று மூன்று பேரும் போய் அந்த இட்லிக் கடையில் உட்கார்ந்தோம். அக்காவுக்கு எங்களை அடையாளம் தெரிந்தது. "பாதியில ஓடுன புள்ளைங்கதானே? பிளாண்டு பேச்சு அடங்கிப்போச்சு, தெரியுமா?" என்று இன்னும் இரண்டு இட்லி வைத்தார். வரும் ஆடியில் ஊர்க் களத்தில் வாசிக்கலாமா என்று கேட்டோம். களம் என்றால் அறுவடையில் நெல் காய்கிற இடம்; ஆடியில் காலியாகத்தான் கிடக்கும். கூரை கிடையாது, மாமா கிடையாது. ஊரில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

"நடவு முடிஞ்சு அஞ்சு மணிக்குத்தான் வருவோம். முழுசா வாசிப்பீங்களா?"

"முழுசாக்கா."

போஸ்டரில் இந்தத் தடவை சேறு என்றே போடப்போகிறோம். நடவுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நாலு பேர் வரட்டும், வந்தவர்கள் உட்காரட்டும். முதல் இரண்டு வார்த்தையை மணிமாறன் பேசுவான், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. அவருக்கும் சொல்லி அனுப்புகிறோம். வந்தால் நடுவில் ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் நடவுக்காரப் பெண்கள். எழுந்து போவது அத்தனை சுலபமில்லை.

கரண்டை நம்ப முடியாது என்று வாடகைக்கு ஜெனரேட்டர் எடுக்கப்போகிறோம். அதன் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று ஜெரால்டு கேட்டபோது, அக்கா சட்னிக் கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்:

"அங்க நான் உக்காந்துக்கறேன். எவன் வந்து அமத்துறான்னு பாக்குறேன்."